வெறும் சம்ப் தொட்டி ஒரே ராத்திரியில் மேலே எழும்பிவிட்டது, காரணம் சொல்லுங்கள்

பள்ளிக்கரணை புதுவீடு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. கீழே புதைக்கும் தண்ணீர் சம்ப் கான்கிரீட்டில் கட்டினோம். உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். சுவரும் அடித்தளமும் 15 சென்டிமீட்டர் கனம். மேல் மூடி இன்னும் போடவில்லை. கசிவு பார்க்க நிரப்பி வைத்திருந்த தண்ணீரை, மூடிக்கு சென்ட்ரிங் அடிப்பதற்காக நேற்று முன்தினம் மோட்டார் வைத்து முழுக்க இறைத்துவிட்டு, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டுப் போனார்கள். ராத்திரி முழுக்க மழை.

காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி குழிக்குள் இல்லை. விளிம்பு தரைக்கு மேலே நிற்கிறது, கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. சுற்றிலும் ஒரு அடி இடைவெளி விட்டுத் தோண்டியிருந்தோம், மண் இன்னும் தள்ளவில்லை. அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கிறது, தரைமட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை அடி கீழே. பதினோரு டன் கான்கிரீட் எப்படி மேலே வரும்? பூமி தள்ளிவிட்டது என்கிறார் மேஸ்திரி. எனக்குத் தூக்கமே வரவில்லை.

கொத்தனார் மகன்

அண்ணா, முதலில் ஒன்று. யாரையும் அந்தக் குழிக்குள் இறங்க விடாதீர்கள். தொட்டி சாய்ந்து நிற்கும்போது இடுக்கில் ஆள் போனால் ஆபத்து. ஈர மண் கரையும் சரியும்.

காரணம் தண்ணீர்தான். எங்கள் அப்பா சைட்டில் செப்டிக் டேங்க் ஒன்று இதே மாதிரி வந்தது.

மழைப்பாடல்

அடியில் ஊற்றுக்கண் இருந்திருக்கும். ஊற்று பீய்ச்சியடித்துத் தள்ளியிருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தானே.

ஓய்வுபெற்ற வாத்தியார்

முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இயற்பியல் எடுத்தவன். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி, உங்களுக்கு நேர்ந்த கஷ்டத்துக்கு வருத்தம்.

ஊற்று பீய்ச்ச வேண்டியதில்லை. தண்ணீர் அசையாமல் நின்றாலே போதும். கணக்கைப் பார்ப்போம்.

தொட்டியின் வெளியளவு 3.3 மீட்டர், 2.3 மீட்டர். அடிப்பரப்பு 7.59 சதுர மீட்டர். உயரம் 2.15 மீட்டர். மொத்தப் பருமன் 16.3 கன மீட்டர், அதில் உள்ளே வெற்றிடம் 12. மிச்சம் 4.3 கன மீட்டர்தான் கான்கிரீட். கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு இரண்டரை டன். ஆக 10.8 டன். நீங்கள் சொன்ன பதினோரு டன் சரி.

இப்போது தண்ணீரைப் பாருங்கள். நிற்கும் நீரில் ஆழம் ஒரு மீட்டர் கூடும்போது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் அழுத்தம் கூடும். அழுத்தம் கீழ்நோக்கி மட்டும் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே அளவு. பக்கச் சுவர்களில் எதிரெதிராகத் தள்ளுவது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அடித்தளத்துக்குக் கீழே மேல்நோக்கித் தள்ளுவதை எதிர்க்க எதுவும் இல்லை, தொட்டியின் எடையைத் தவிர.

தரைக்கு ஒன்றரை அடி கீழே என்றால் அடித்தளத்திலிருந்து 1.7 மீட்டர் உயரம் தண்ணீர். 1.7 பெருக்கல் 7.59, கிட்டத்தட்ட 12.9 டன் மேல்நோக்கு விசை. தொட்டி 10.8 டன். அப்புறம் அது எப்படிக் கீழே இருக்கும்? வெளியே தண்ணீர் 1.42 மீட்டரைத் தாண்டிய கணமே அது தரையை விட்டுக் கிளம்பியிருக்கும்.

ஆர்க்கிமிடிஸ் சொன்னது இதுதான். தொட்டி இருக்கும் இடத்தில் தொட்டி இல்லாமல் தண்ணீரே இருந்தால் அது மேலேயும் போகாது, கீழேயும் போகாது, சும்மா நிற்கும். அந்த நீரைச் சுற்றியுள்ள நீர் தாங்கிப் பிடிக்கிறது. அதே இடத்தில் தொட்டியை வைத்தாலும் சுற்றியுள்ள நீருக்கு வித்தியாசம் தெரியாது, அதே தாங்கலைத்தான் கொடுக்கும். விலக்கிய நீரின் எடை அளவுக்கு மேல்நோக்கு விசை என்பது அங்கிருந்து வருகிறது. குளியல் தொட்டியும் கிரீடமும் கலந்த கதை அவர் எழுதியதில் இல்லை, ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்து விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்காரர் எழுதி வைத்தது. வகுப்பில் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், அழுத்தக் கணக்கு விட்டுப்போகும். அது எனக்கு எப்போதும் ஒரு குறை.

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். தண்ணீர் அதே 1.7 மீட்டரில் இருந்தால் தொட்டி சுமார் 28 சென்டிமீட்டர் எழுந்திருக்க வேண்டும். மழை விட்டதும் தள்ளி நின்று அளந்து சொல்லுங்கள்.

பள்ளிக்கரணை புதுவீடு

ஐயா, நன்றி. அளந்துவிட்டேன். தெருப்பக்கம் 30 சென்டிமீட்டர், பின்பக்கம் 23. சராசரி போட்டால் இருபத்தாறரை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆனால் ஒன்று இன்னும் மனசில் உட்காரவில்லை. சுற்றியுள்ள இடைவெளி ஒரு அடிதான். அதில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன், ஆறே கால் டன்தான் தேறுகிறது. ஆறு டன் தண்ணீர் பதினோரு டன் தொட்டியை எப்படித் தூக்கும்? ஏரி மாதிரி தண்ணீர் இருந்தால் நம்புவேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, இந்தச் சந்தேகம் பெரிய சந்தேகம். 1586-இல் சைமன் ஸ்டெவின் என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்காரர் இதைத்தான் எழுதி விளக்கினார். பாத்திரத்தின் அடியில் விழும் அழுத்தம் அதற்கு மேலே எத்தனை உயரம் நீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது, எத்தனை குடம் நீர் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. ஒரு அடி இடைவெளியும் ஒன்றுதான், ஒரு மைல் ஏரியும் ஒன்றுதான். இடைவெளியை ஒரு விரற்கடையாக ஆக்கினாலும் தொட்டி எழும்.

உங்கள் மேஸ்திரி வைத்திருக்கும் டியூப் மட்டத்தை நினைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் கனம் குழாய், உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர்கூட இருக்காது. அதன் ஒரு முனையை ஏரியில் சேர்த்துவிட்டால் மறுமுனையில் ஏரியின் மட்டத்துக்கே தண்ணீர் நிற்கும். குழாய்த் தண்ணீர் ஏரித் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. எடைக்கு எடை என்று பார்த்தால் இது நடக்கவே முடியாது. அடியில் ஒரே ஆழம், ஆகவே ஒரே அழுத்தம். அவ்வளவுதான் அங்கே நடக்கிறது.

சமையலறையில் ஒன்றுக்குள் ஒன்று போகும் எவர்சில்வர் டப்பா செட் இருக்கும். பெரிய டப்பாவில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, அரிசி போட்ட சின்ன டப்பாவை அதற்குள் இறக்குங்கள். எடை பார்க்கும் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது.

நேர்கோடு

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தொட்டி பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்ட தரையில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் தண்ணீரே இல்லையென்றால் மேல்நோக்கித் தள்ளுவது எது? தண்ணீர் அடியில் புகுந்தால்தானே இந்தக் கணக்கெல்லாம்?

சைட் இன்ஜினியர்

நேர்கோடு சொல்வது கொள்கை அளவில் சரி, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. வாஷ்பேசின் ஓட்டையை அடைக்கும் ரப்பர் மூடியைப் பாருங்கள். ரப்பர் தண்ணீரில் மிதக்கும் வகையாக இருந்தாலும், பேசின் நிறையத் தண்ணீர் இருக்கும்போது அது எழும்பாது. அடியில் தண்ணீர் கிடையாது, மேலே உள்ள நீர் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சங்கிலியைப் பிடித்து இழுத்தால்தான் வரும்.

ஆனால் சம்ப் அப்படி இல்லை. பி.சி.சி. என்பது ஜல்லியும் மணலும் கொஞ்சம் சிமென்டும். தண்ணீர் அதில் ஊறும். அதற்குக் கீழே மண், அதிலும் ஊறும். பி.சி.சி.க்கும் அடித்தளத்துக்கும் நடுவில் முடி அளவு இடுக்கு இருந்தால் போதும், அங்கே முழு அழுத்தமும் வந்துவிடும். களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவே. ஒரு ராத்திரி தாராளம். அதனால் அடியில் நீர் புகாது என்று நம்பி நாங்கள் யாரும் டிசைன் செய்வதில்லை.

வேலைக்கு வந்த புதிதில் நானே இதில் ஏமாந்தேன். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சுற்றி மண் தள்ளுவதற்கு முன்னால் சம்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். அன்று மழை இல்லாததால் தப்பித்தேன். மறுநாள் சீனியர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "தண்ணியை எடுத்தியே, பதிலுக்கு என்ன வெச்சே?"

வயல்காரி

தம்பி, நான் தஞ்சாவூர்ப் பக்கம். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் மிதப்பது மூழ்குவது எங்களுக்கு வருடா வருடம் நடக்கிற வேலை. விதை நெல் தேர்வு செய்யும்போது வாளித் தண்ணீரில் ஒரு நல்ல முட்டையைப் போடுவோம். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் முட்டை நிமிர்ந்து நிற்கும், அப்புறம் மெல்ல மேலே வரும். முட்டையின் தலை நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுவோம். பதரும் அரைவயிறு நெல்லும் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். கனத்த மணி கீழே நிற்கும். உப்புப் போக இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லையென்றால் முளைப்பு கெடும்.

முட்டை மாறவில்லை, தண்ணீர்தான் கனத்துப்போனது. உங்கள் குழியில் நிற்பது நல்ல தண்ணீரா, சேறா? சேறாக இருந்தால் அதுவும் கனம்தானே?

சைட் இன்ஜினியர்

அக்கா, இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். மண் கரைந்து கூழ் மாதிரி ஓடும் பதத்தில் இருந்தால், அது தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு கனம் என்று வைத்தால்கூட, 1.42 மீட்டர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1.19 மீட்டரிலேயே தொட்டி கிளம்பிவிடும். கெட்டியான மண் என்றால் வேறு கதை. அது சுவரை உரசிப் பிடித்துக்கொள்ளும்.

தோணிக்கரை

நான் தூத்துக்குடி. அப்பா தோணியில் போனவர், நான் கப்பலில் இருபது வருடம்.

வயல்காரி அக்கா சொன்ன முட்டைதான் கப்பலும். கடலில் இருந்து ஹூக்ளி ஆற்றுக்குள், கொல்கத்தா பக்கம் ஏறும்போது கப்பல் தானாகவே தாழும். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் கனம். எட்டு மீட்டர் மூழ்கி வந்த கப்பல் ஆற்றுக்குள் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதலாக மூழ்கும். சரக்கு ஒரு மூட்டைகூட ஏற்றியிருக்க மாட்டோம். கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக் கோடும் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, வெப்பக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பிரிட்டனில் போராடி, 1876-இல் கப்பலில் இந்தக் கோடு இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அளவுக்கு மேல் ஏற்றி அனுப்பி மாலுமிகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு மரியாதை உண்டு.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள். அது இப்போது தொட்டி இல்லை, படகு. மிதக்கிற பொருளுக்கு இரண்டு கேள்வி: மிதக்குமா, நிமிர்ந்து நிற்குமா? இரண்டும் வேறு. 1628-இல் ஸ்டாக்ஹோமில் வாசா என்ற ஸ்வீடன் போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே, துறைமுகத்தை விட்டு ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் காற்றில் சாய்ந்து மூழ்கியது. மிதக்கும் கணக்கில் பிழை இல்லை, மேல்பாரம் கூடிப்போயிருந்தது.

உங்கள் தொட்டியில் மூடி இல்லை, சுவர்கள் உயரம், அடித்தளம் மெலிசு. வாத்தியார் கொடுத்த அளவை வைத்துப் போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்து நிற்கும், ஆனால் மயிரிழையில். இந்த நிலையில் பயந்துபோய் உள்ளே ஓஸைப் போட்டுத் தண்ணீர் விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனதுமே அது தாழ்ந்த பக்கமாக ஓடும், தாழ்ந்த பக்கம் இன்னும் தாழும், இன்னும் தண்ணீர் அங்கே ஓடும். தளும்பும் தண்ணீர் சரக்கைவிடக் கெட்டது என்று அப்பா சொல்லுவார். தோணியில் அடித்தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

பள்ளிக்கரணை புதுவீடு

ஐயோ, நல்லவேளை. இன்று மதியம் ஓஸ் போடலாம் என்றுதான் மேஸ்திரி சொன்னார். ஃபோனில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அண்ணா, கோடி நன்றி.

அப்புறம் வாத்தியார் ஐயா, டப்பா வைத்துப் பார்த்தேன். சின்ன டப்பா அரிசியோடு 600 கிராம். பெரிய டப்பாவுக்கும் அதற்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் இடுக்கு. பெரியதில் 150 மில்லி தண்ணீர் ஊற்றினேன், டீ டம்ளர் அளவு. அடியில் பரவிக் கிடந்தது, இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. சின்ன டப்பாவை இறக்க இறக்கத் தண்ணீர் இடுக்கில் சரசரவென்று ஏறியது. பாதிக்கு மேல் ஏறியதும் கையில் கனம் தெரியவில்லை. விட்டுவிட்டேன். டப்பா தானாக நின்றது, விரலால் தொட்டால் சுழன்றது. 150 கிராம் தண்ணீரில் 600 கிராம் டப்பா.

அம்மா வந்து பார்த்துவிட்டு அவரும் ஒரு தடவை சுழற்றிப் பார்த்தார். இப்போது மனசில் உட்கார்ந்துவிட்டது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

இடுக்கில் தண்ணீர் ஏறியதைச் சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் சரியான கவனிப்பு. தண்ணீர் அதிகம் வேண்டாம், உயரம்தான் வேண்டும். சின்ன டப்பாவின் அடி எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனதும் எடை சமமாகிவிட்டது.

கொத்தனார் மகன்

நீச்சல் குளம் கட்டுகிறவர்கள் அடியில் ஒரு வால்வு வைப்பார்கள். குளத்தைக் காலி செய்யும்போது வெளியில் தண்ணீர் அழுத்தம் கூடினால் அது திறந்து உள்ளே விட்டுவிடும், குளம் தூக்காது. சம்பில் அதை வைக்க முடியுமா மேடம்?

சைட் இன்ஜினியர்

குடிக்கும் தண்ணீர் சம்பில் வைக்கக் கூடாது தம்பி. வெளியில் உள்ள அழுக்குத் தண்ணீரை நாமே உள்ளே அழைப்பது போல ஆகும். சம்புக்கு எடைதான் வழி. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒரு அடி நீட்டிப் போட்டால் அதன் மேல் விழும் மண்ணும் சேர்ந்து அழுத்திப் பிடிக்கும். தண்ணீர் தரைமட்டம் வரை நின்றாலும் எடை, மேல்நோக்கு விசையைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கும்படி பார்ப்போம்.

புதுவீடு சார், உங்கள் அளவில் மூடி போட்டால்கூட எடை 13.1 டன்தான் வரும். மூடியோடு விலக்கும் நீர் 17.2 டன். அதாவது முழு வேலை முடிந்த பிறகும், மழைக்காலத்தில் சம்பைக் கழுவவென்று முழுக்கக் காலி செய்தால் மறுபடி எழும்பப் பார்க்கும். மண் தள்ளி கெட்டித்தால் உரசல் கொஞ்சம் பிடிக்கும், அதை நம்ப வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கழுவாதீர்கள். பங்குனி, சித்திரையில் கழுவுங்கள், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: உள்ளே தொடாதீர்கள். வெளியே குழியின் ஒரு மூலையில் மோட்டார் இறக்கி மெதுவாக இறையுங்கள். வேகமாக இறைத்தால் கரை சரியும். தொட்டி இறங்கி உட்கார்ந்ததும் நான்கு மூலையும் மட்டம் பாருங்கள். தூக்கியபோது அடியில் சேறு புகுந்திருக்கும், அதனால் பழைய இடத்தில் உட்காராது. அடியில் வெற்றிடம் இருந்தால் சிமென்ட் பால் ஏற்றி நிரப்ப வேண்டி வரும். சுவரும் அடியும் சேரும் மூலைகளில் விரிசல் பாருங்கள். கட்டட டிசைன் போட்டவரைக் கட்டாயம் நேரில் வரச் சொல்லுங்கள். நான் ஃபோட்டோகூடப் பார்க்காமல் சொல்கிறேன், இது போதாது.

மழைப்பாடல்

ஊற்று என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் வீட்டு சம்பும் அடுத்த வாரம் கழுவுவதாக இருந்தது. தள்ளிப் போட்டாயிற்று.

பள்ளிக்கரணை புதுவீடு

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். மூன்று நாள் இறைத்தோம், ஒரு மோட்டார்தான், விட்டு விட்டு. இரண்டாம் நாள் சாயங்காலம் தொட்டி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. சத்தமே இல்லை. டிசைன் போட்டவர் வந்தார், சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்க மூலையில் ஒரு மெல்லிய விரிசல், மற்றபடி பரவாயில்லை என்றார். அடியில் சிமென்ட் பால் ஏற்றச் சொல்லியிருக்கிறார், ஆழமான துளை வேண்டாம், பக்கத்திலிருந்தே ஏற்றலாமாம். மூடியை இன்னும் கனமாகப் போடவும் சொன்னார்.

மட்டம் பார்க்க மேஸ்திரி அதே டியூபைத்தான் எடுத்து வந்தார். ஒரு முனையைத் தெருப்பக்க மூலையில் நான் பிடித்துக்கொண்டேன், மறுமுனையை அவர் பின்பக்கம் கொண்டுபோனார். தண்ணீர் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி ஆடியது, அப்புறம் நின்றது. "நிக்குதா?" என்றார். "நிக்குது" என்றேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார். தெருப்பக்கம் இரண்டு விரற்கடை உயரம்.